மாம்பழம் ரவியால் உண்ணப்பட்டது

ஓ.எல். பரீட்சை நெருங்கினால் மன்னார் ரவுணில் போட்டோக்கொப்பி மெஷின்களுக்கு ஓய்வு கிடையாது. "இங்கிலிஷ் ரிவிஷன்" எண்டு ஒரு கட்டு கைக்குக் கை மாறும். முதல் பக்கத்தில் பன்னிரண்டு காலங்களின் அட்டவணை. பிறகு அக்டிவ் வொய்ஸ், பேசிவ் வொய்ஸ். பிறகு டிரெக்ட் ஸ்பீச், இன்டிரெக்ட் ஸ்பீச். கடைசிப் பக்கத்தில் சிமிலி, மெட்டஃபர், பேர்சொனிஃபிகேஷன், அலிட்டரேஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் வரைவிலக்கணம், ஒரு உதாரணம். இடம் மிச்சம் இருந்தால் "வாசிப்பு நுட்பங்கள்" எண்டு தலைப்புப் போட்டு மெயின் ஐடியா, இன்ஃபெரன்ஸ், ஓதர்ஸ் பேர்ப்பஸ். முடிஞ்சுது. இதைப் பாடமாக்கினால் சி நிச்சயம், கொஞ்சம் கவனமாகப் பாடமாக்கினால் பி எண்டு ஒரு நம்பிக்கை.

இந்தக் கட்டில் ரவி எண்டு ஒருவன் இருக்கிறான். வருசா வருசம் ஒரு மாம்பழம் சாப்பிடுவான். "ரவி ஈட்ஸ் எ மாங்கோ." மாற்றி எழுது. "எ மாங்கோ இஸ் ஈட்டன் பை ரவி." சரி போட்டுப் புள்ளி கொடுப்பார்கள். மாம்பழம் ரவியால் உண்ணப்படுகிறது எண்டு தமிழில் எவனும் கதைக்கமாட்டான். ஆங்கிலத்திலும் கதைக்கமாட்டான். ஆனால் முசலியிலிருந்து மடு வரைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்த வசனத்தை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கட்டில் பிழையான தகவல் ஏதும் இல்லை. எல்லாம் சரி. செயப்பாட்டு வினையை எப்படி அமைப்பது என்று அதில் படி படியாக இருக்கிறது. என்னத்துக்கு அமைப்பது என்று ஒரு வரிகூட இல்லை. என்னுடைய கோபம் அந்த இல்லாத வரியைப் பற்றியது.

ஒரு மனிசன் ஏன் செயப்பாட்டு வினையில் பேசுகிறான்? செய்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். செய்தவர் அந்த இடத்தில் முக்கியமில்லாமல் இருக்கலாம். அல்லது தெரியும், முக்கியமும்தான், ஆனால் சொல்ல விருப்பமில்லை. மன்னாரில் வளர்கிற பிள்ளைக்கு இந்த மூன்றாவதுதான் முதலில் விளங்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கத்து ஊர்கள் சில நாட்களுக்குள் வெறுமையாகின. வள்ளங்களில் ஏறி கற்பிட்டியில் இறங்கியவர்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தார்கள். இனி மூன்று வசனங்களைப் பாருங்கள். முஸ்லிம்கள் வெளியேறினார்கள். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முதலாவது தன்வினை, ஏதோ அவர்களே மூட்டை கட்டிக்கொண்டு சுற்றுலா போனதுபோல. இரண்டாவதில் யாரோ செய்திருக்கிறார்கள், ஆனால் ஆள் மேடைக்கு வரவில்லை. மூன்றாவதில்தான் ஆள் நிற்கிறார். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எழுத்தில் பார்த்தால் ஒரேயொரு ற் தான் கூடுதல். ஒரு சமூகத்தின் முறைப்பாடு முழுவதும் அந்தப் புள்ளி வைத்த எழுத்தில் தொங்குகிறது. இன்றைக்கும் "இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்" என்று எழுதுகிறவர்கள் எங்கட பக்கத்தில் உண்டு. ஆங்கில அறிக்கைகளில் அதே வேலையை "டிஸ்பிளேஸ்ட்" என்ற சொல் செய்கிறது. வெள்ளம் வந்தாலும் டிஸ்பிளேஸ்ட், துவக்கோடு ஆள் வந்தாலும் டிஸ்பிளேஸ்ட்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2016இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி வந்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது "மிஸ்ஸிங் பேர்சன்ஸ்", காணாமல் போன ஆட்கள். வீதியோரத்தில் படங்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கிற தாய்மார் சொல்வது "காணாமல் ஆக்கப்பட்டோர்". பிள்ளை கடைக்குப் போய் வழி தவறவில்லை, ஒருவர் கொண்டுபோனார் என்பதைத்தான் அந்த "ஆக்கப்பட்ட" சொல்கிறது. ஆங்கிலத்தில் இது இன்னும் சுவாரசியம். "டிஸப்பியர்" என்ற வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது, ஆகவே அதற்குப் பேசிவ் வராது எண்டு எந்த இலக்கணக் கட்டும் சொல்லும். பரீட்சையில் எழுதினால் பிழை. ஆனால் ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்காதபோது, 1977இலிருந்து அங்கத்தைய தாய்மார் சதுக்கத்தில் சுற்றி நடந்தபோது, அந்த வினையைப் பேசிவ்வில் போடாமல் உண்மையைச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு "வேர் டிஸப்பியர்ட்" என்பது மனித உரிமை ஆங்கிலத்தில் சாதாரண வழக்கு. விதி வளைந்தது, ஏனென்றால் நடந்தது விதிக்குள் அடங்கவில்லை. இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்காதா? அந்தப் படங்களில் ஒன்றில் இருக்கிற மாமாவின் மருமகன் அதே வாங்கில்தானே இருக்கிறான்.

இலக்கணத்தைத் தூக்கி எறியுங்கள் எண்டு நான் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். கூட இலக்கணம் வேணும் எண்டுதான் கேட்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன்: அதைத் தமிழின் தோளில் ஏறி நின்று படிப்பியுங்கள்.

இந்த விசயத்தில் எங்கட கரைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1546இல் இந்தியாவுக்கு வந்த அன்றிக்கே அன்றிக்கஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு வாழ்ந்தவர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டிய பிறகு இங்கேயும் சில காலம் இருந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பிக் காலம் தள்ள அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே தமிழைப் படித்தார்; படித்ததை ஒரு இலக்கணமாகவும் எழுதி வைத்தார். அதற்கு அவர் பிடித்த ஏணி எது தெரியுமா? 1540இல் வெளிவந்த போர்த்துக்கேய மொழி இலக்கணம் ஒன்று. தன் மொழியில் வேற்றுமை இப்படி, தமிழில் எப்படி; தன் மொழியில் வினை இப்படி மாறும், தமிழில் எப்படி மாறும். பொருந்தாத இடத்தில் பொருந்தவில்லை எண்டு கண்டு, கரையில் நிற்கிற ஆட்களோடு கதைத்துத் திருத்தினார். 1578இல் தமிழில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் கைபட்ட நூல்தான். அவர் வந்த காரணமும் அவருக்குப் பின்னால் நின்ற அரசும் வேறு கதை. ஆனால் படித்த முறை சரி. தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்குப் போனார். எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது தமிழைச் செருப்போடு வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

கழற்றாமல் வந்தால் என்ன நடக்கும்? "ஷீ கோ டு ஸ்கூல்" எண்டு எழுதுகிற பிள்ளையை எடுப்போம். ரீச்சர் நூறு தரம் சிவப்பு மையால் எஸ் போட்டாச்சு; பிள்ளை நூற்றோராவது தரமும் விடும். ஆனால் அதே பிள்ளை வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது எண்டு ஒவ்வொரு வினையிலும் ஆளையும் பாலையும் எண்ணையும் ஒட்டிக் கதைக்கிறது, ஒரு நாளும் பிசகாமல். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி விகுதிகள் நிறைய இருந்தன, தேய்ந்து தேய்ந்து நிகழ்காலத்தில் அந்த ஒரு எஸ் மட்டும் மிஞ்சி நிற்கிறது எண்டு சொன்னால் பிள்ளைக்கு அது விகுதி எண்டு விளங்கும். ஒட்டுப்போட்ட பூச்சி மாதிரித் தெரியாது.

இன்டிரெக்ட் ஸ்பீச்சும் அப்படித்தான். "அவன் 'நான் நாளைக்கு வாறன்' எண்டு சொன்னான்." தமிழில் சொன்னதை அப்படியே வைத்து "எண்டு" போட்டால் வேலை முடிந்தது, காலம் மாறாது. ஆங்கிலம் சொன்னவனின் நேரத்தை விட்டுச் சொல்கிறவனின் நேரத்துக்கு எல்லாவற்றையும் இழுக்கிறது. அதனால்தான் "வில்" போய் "வுட்" வருகிறது, "டுமொரோ" போய் "த நெக்ஸ்ட் டே" வருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் மாற்ற வேண்டிய சொற்களின் அட்டவணையைக் கொடுக்கிறோம், பிள்ளை அட்டவணையை மறக்கிறது, பிறகு பிள்ளை மக்கு எண்டு சொல்கிறோம். சொல்லப்போனால் எங்களிடம் இருக்கிற ஒரு வசதி ஆங்கிலத்திடம் இல்லை. "வந்தானாம்." அந்த "ஆம்" ஒன்றே போதும், நான் பார்க்கவில்லை, ஆரோ சொன்னது, பொறுப்பு எனக்கில்லை எண்டு சொல்ல. ஆங்கிலப் பத்திரிகைக்காரன் "அலெஜ்ட்லி" எண்டு ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துப் போட வேண்டியிருக்கிறது.

"வீ" எண்ட சொல்லையும் பாருங்கள். எழுத்துத் தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்கிறவரும் சேர்த்தி எண்டால் நாம்; சேர்த்தி இல்லை எண்டால் நாங்கள். பேச்சில் கலந்துவிட்டோம், ஆனாலும் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்துக்கு ஒரே "வீ" தான். நாட்டின் அபிவிருத்திக்காக வீ எல்லோரும் விட்டுக்கொடுக்க வேண்டும் எண்டு ஒரு பெரியவர் பேசும்போது, தமிழ் தெரிந்த பிள்ளை உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இது நாமா, நாங்களா? விட்டுக்கொடுக்கிற ஆட்களில் பேசுகிறவரும் இருக்கிறாரா? இதுக்குப் பெயர்தான் வாசிப்பு. ஓதர்ஸ் பேர்ப்பஸ் எண்டு கட்டில் ஓரத்தில் கிடப்பது இதுதான்.

இனி அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வருவோம், சிமிலி மெட்டஃபர் பக்கத்துக்கு. "அஸ் பிரேவ் அஸ் எ லயன்." சிங்கத்தைக் கொடியில் தவிர வேறெங்கும் காணாத பிள்ளைக்குச் சிங்கம். அந்தப் பிள்ளையின் வீட்டில் "சோளகம் பேய் பிடிச்ச மாதிரி அடிக்குது", "கடல் இண்டைக்குக் கோவிச்சுக்கொண்டு கிடக்கு" எண்டு காலமை தேத்தண்ணியோடு கதைக்கிறார்கள். ஒன்று உவமை, மற்றது கடலுக்கு மனிசக் குணம் கொடுப்பது. மாதோட்டத்துக் கூத்துக்காரர் "என்றிக் எம்பரதோர்" நாடகத்தில் ஐரோப்பியச் சக்கரவர்த்தியைத் தமிழ் விருத்தத்தில் பாட வைத்தவர்கள். அந்தக் கூத்தில் எதுகை மோனை இல்லாமல் ஒரு வரி நகராது. அலிட்டரேஷன் எண்டால் என்ன எண்டு இந்தக் கரைப் பிள்ளைக்கு வரைவிலக்கணம் வேண்டியதில்லை. பெயர் மட்டும்தான் புதுசு. ஆனால் வகுப்பில் பெயரைப் படிப்பித்துப் பொருளை மறக்க வைக்கிறார்கள். "ஐடென்டிஃபை த லிட்டரரி டிவைஸ்" எண்டு கேள்வி. மெட்டஃபர் எண்டு எழுதினால் புள்ளி. அந்த மெட்டஃபர் அங்கே என்ன செய்கிறது, அதை எடுத்துவிட்டால் கவிதையில் என்ன குறையும் எண்டு கேட்பாரில்லை.

நியாயமாகச் சொன்னால் இது ஆங்கில வகுப்பின் வியாதி மட்டுமில்லை. தமிழ்ப் பாடத்திலும் அணியின் பெயரைச் சொல், உதாரணம் தா, அவ்வளவுதான். வினா விடையாக இலக்கணத்தைப் பாடமாக்குவதில் எங்களுக்கு நல்ல நீண்ட பழக்கம்.

ஓ.எல்.இல் ஆங்கில இலக்கியம் ஒரு விருப்பப் பாடம். விருப்பம் எண்டால் படிப்பிக்க ஆள் இருக்கிற பள்ளிக்கூடத்தின் விருப்பம். ஆங்கில மொழிப் பாடத்துக்கே ஆள் கிடைக்காத இடத்தில் இலக்கியத்துக்கு எங்கே போவது? அதனால் எங்கட பிள்ளைகள் வாசிக்காமல் போகிற ஒரு கதையைச் சொல்கிறேன். லெனார்ட் வுல்ஃப், வெர்ஜினியா வுல்ஃபின் கணவர், இளம் வயதில் இங்கே சிவில் சேவையில் இருந்தார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த அனுபவத்திலிருந்து "பேர்ள்ஸ் அண்ட் ஸ்வைன்" எண்டு ஒரு சிறுகதை எழுதினார். 1921இல் வந்த "ஸ்டோரீஸ் ஒஃப் தி ஈஸ்ட்" தொகுப்பில் இருக்கிறது.

கதை இங்கிலாந்தில் ஒரு ஹோட்டலில் தொடங்குகிறது. கீழைத்தேசத்தைக் கண்ணால் காணாதவர்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு அதை எப்படி ஆளவேண்டும் எண்டு அலட்டுகிறார்கள். அங்கே வேலை செய்த ஒருவர் பொறுமையிழந்து முத்துக்குளிப்பில் நடந்ததைச் சொல்கிறார். சிப்பி அழுகுகிற நாற்றம், மணல், கூட்டம். இரண்டு சாவு: வெள்ளைக்காரர் ஒருவர் குடிவெறியின் பித்தத்தில் கத்திக் கத்திச் சாகிறார், அராபியச் சுழியோடி ஒருவரின் உடலை அவருடைய ஆட்கள் மரியாதையோடு கரைக்குக் கொண்டுவருகிறார்கள். தலைப்பில் இருக்கிற பன்றிகள் யார் எண்டு ஆசிரியர் கடைசி வரை சொல்லமாட்டார். வாசிக்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். ஐரனி, கொன்ட்ராஸ்ட், கதைக்குள் கதை, இன்ஃபெரன்ஸ்: கட்டில் இருக்கிற அத்தனையும் ஒரே கதையில், சிலாபத்துறைக்குத் தெற்கே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் நடக்கிறது. கதை சொல்கிறவரின் கண்ணும் வெள்ளைக்காரக் கண்தான். எங்கட ஆட்களை அவர் பார்க்கிற விதம் சில இடங்களில் எரிச்சல் தரும். அதையும் வகுப்பில் கேள்வியாக வைக்கலாம். கருவாட்டு வாடி நாற்றத்தில் வளர்ந்த பேசாலைப் பிள்ளைக்கு அந்தச் சிப்பி நாற்றத்தை விளக்க எந்த நோட்ஸும் தேவையில்லை.

இன்ஃபெரன்ஸ் எண்ட சொல்லுக்கு இந்த மாவட்டத்திலிருந்து ஒரு உதாரணம் வேண்டுமென்றால் நான் ஆயர் இராயப்பு யோசேப்பைத்தான் சொல்வேன். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு வாசிப்பு. 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்த சனத்தொகை, கச்சேரிக் கணக்குப்படி, 4,29,059. அதன்பிறகு யுத்தம் முடியும்வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐ.நா. ஆவணத்தின்படி, 2,82,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 1,46,679. இவ்வளவு பேருக்கு என்ன நடந்தது எண்டு விளக்கம் தாருங்கள் எண்டு கேட்டார். எல்லோரும் கொல்லப்பட்டார்கள் எண்டு அவர் எழுதவில்லை; எழுத்தில் இருந்ததைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. தனித்தனியாகக் கிடந்த இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் எழுதாத ஒன்றைக் கண்டார். அந்த எண்ணை ஏற்கிறவர்களும் மறுக்கிறவர்களும் இன்றுவரை அதைத் தாண்டிப் போக முடியவில்லை. மன்னாரில் வாசிப்பு நுட்பம் படிப்பிக்கிற ஒருவர் இதை விட்டுவிட்டு வேறெந்த உதாரணத்தைத் தேடுகிறார் எண்டு எனக்கு விளங்கவில்லை.

இன்றைக்கு எங்கட வீட்டு வாசலுக்கு வருகிற காகிதங்களும் ஆங்கிலம்தான். 2020 டிசம்பரில் தம்பபவனி வந்தது, 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். பிறகு அதானி வந்து 2025 பெப்ரவரியில் விலகியது. தீவின் மணலுக்குள் இருக்கிற இல்மனைற்றுக்காக அவுஸ்திரேலியாவில் பதிவான நிறுவனம் ஒன்று ஆய்வு செய்கிறது. ஒரு சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். அந்த 30 நாளுக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் யார் செய்வார்கள் எண்டு சொல்லாத பேசிவ் வசனங்களையும், "மே" போட்ட இடத்தையும் "ஷல்" போட்ட இடத்தையும் யாராவது பிரித்துப் பார்க்க வேண்டும். சட்ட மொழியில் "ஷல்" எண்டால் செய்தே ஆகவேண்டும். "மே" எண்டால் விருப்பம் இருந்தால். எங்கட கட்டு என்ன சொல்கிறது? "ஷல்: ஐ, வீ என்பவற்றோடு வரும்." அவ்வளவுதான். நிலத்தடி நீர் பாதிக்கப்படாமல் நிறுவனம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் நடுவில் எங்கட கிணறு இருக்கிறது.

ரியூசன் சேர்மார் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "தம்பி, பேப்பர் இப்பிடித்தான் வருது, நாங்கள் என்ன செய்ய?" பேப்பர் அப்படித்தான் வருகிறது, உண்மை. அதைத் தயாரிக்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தக் கட்டுரையில் அடங்காது. ஆனால் விளங்கிப் படித்த பிள்ளை அந்தப் பேப்பரையும் செய்யும். பாடமாக்கிய பிள்ளை கேள்வி கொஞ்சம் திரும்பினால் விழும். உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தோடு தனியாக மல்லுக்கட்டுகிற ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் யாரோ இதே ரவியைத்தான் படிப்பித்திருக்கிறார்கள்.

மற்றப் பதில் இன்னும் மோசம். "இலக்கணம் எல்லாம் வேண்டாம், 30 நாளில் ஸ்போக்கன் இங்கிலிஷ்." 2009ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, எங்கட வழியில் ஆங்கிலம் கதைப்போம் எண்டு சொன்னது. நல்ல சுலோகம். மன்னாரில் அந்த ஆண்டு எப்படிப் போனது எண்டு சொல்லத் தேவையில்லை. "ஹவ் ஆர் யூ, ஐ அம் ஃபைன்" வரைக்கும் கதைக்கப் பழக்கிவிட்டு, "ஷல்" எது "மே" எது எண்டு தெரியாமல் விட்டால், அந்த ஆங்கிலம் சுற்றுலாக்காரனுக்குப் பெருக்க மரத்தைக் காட்ட உதவும்.

ஆகவே இந்த வருசக் கட்டைத் தயாரிக்கிற அண்ணாமார் அக்காமாருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பேசிவ் வொய்ஸ் பக்கத்தில் ரவியை எடுத்துவிட்டு, பத்திரிகையிலிருந்து எங்கட ஊர்ச் செய்தி ஒன்றைப் போடுங்கள். கீழே இரண்டு கேள்வி: செய்தது யார்? அதை ஏன் எழுதவில்லை? மெட்டஃபர் பக்கத்தில் சிங்கத்தை எடுத்துவிட்டு, வீட்டில் கேட்ட ஒரு வசனத்தைப் பிள்ளையே கொண்டுவந்து ஆங்கிலத்தில் போடட்டும், சோளகத்துக்குப் பேய் பிடித்ததுபோல. ஒரு வகுப்புக்கு அரை மணித்தியாலம் கூடுதலாக எடுக்கும். செயப்பாட்டு வினைக்கான புள்ளி எப்படியும் கிடைக்கும்.